புது நத்தையை நேரே தொட்டியில் விடலாமா? கடல்நீர்த் தொட்டிக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களில் பலர் மீன் விஷயத்தில் ரொம்பக் கறார். புது மீன் வந்தால் தனித்தொட்டி, செம்பு மருந்து, ஒரு மாதக் காவல் என்று எல்லாம் முறையாக நடக்கும். ஆனால் அதே கையில் ஒரு டர்போ நத்தையோ கிளீனர் இறாலோ கிடைத்தால், பையைப் பிரித்து, சொட்டு நீர் விட்டுப் பழக்கி, அன்றிரவே பெரிய தொட்டிக்குள் விட்டுவிடுவார்கள். கேட்டால், "நத்தைக்கு ஏதுங்க வெள்ளைப்புள்ளி?" என்பார்கள்.

மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய் நத்தைக்கு வராது என்பது சரிதான். வராவிட்டாலும் சுமந்துகொண்டு வரும் என்பதுதான் தொந்தரவு. அதனால் முதுகெலும்பில்லாத உயிர்களை என்ன செய்வது என்பதற்குக் கையில் உள்ள வழிகளை வரிசையாகப் பார்த்துவிடலாம். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது போகப் போகத் தெரியும்.

ஓட்டில் ஒட்டி வருவது என்ன

மீனில் நாம் பார்க்கும் வெள்ளைப்புள்ளி கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ் என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி. மீனின் தோலுக்கும் செவுளுக்கும் அடியில் மூன்று முதல் ஏழு நாள் வரை தின்றுவிட்டு, அது தானாகவே கழன்று விழும். விழுந்தது கொஞ்ச நேரம் ஊர்ந்து, கெட்டியான ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளும். டோமான்ட் என்பது இந்தக் கூடுதான். உள்ளே அது பல நூறாகப் பிரிந்து, ஒருநாள் வெளியே நீந்தி வரும். வந்தவை ஓரிரு நாளுக்குள் மீனைப் பிடித்தாக வேண்டும், பிடிக்காவிட்டால் செத்துப்போகும்.

கெட்டியான பரப்பு என்பது பாறையாக, கண்ணாடியாக, பிவிசி குழாயாக இருக்கலாம். நத்தையின் ஓடாகவும், துறவி நண்டு குடியிருக்கும் சங்காகவும், பவளத்தின் அடிக்கல்லாகவும் இருக்கலாம். டோமான்ட்டுக்கு இதில் வித்தியாசம் தெரியாது. மீனை இன்னும் வேகமாகக் கொல்லும் வெல்வெட் நோயின் கிருமியான அமைலூடினியமும் ஏறக்குறைய இதே வழியில்தான் வரும்.

கூட்டிலிருந்து வெளிவரப் பெரும்பாலும் மூன்று நாளிலிருந்து நான்கு வாரம் வரை ஆகும். ஆனால் 72 நாள் கழித்தும் வெளிவந்ததாக ஆய்வுப் பதிவு இருக்கிறது. தொட்டிக்காரர்கள் சொல்லும் '76 நாள்' கணக்கு அங்கிருந்து வந்ததுதான். நீர் 27 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் 45 நாள் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். சூட்டில் இந்தச் சுழற்சி வேகமாக ஓடும் என்பது அவர்கள் வாதம். நம் ஊரில் தொட்டியைக் குளிர்விக்கத்தான் பாடுபட வேண்டியிருக்கிறது, சூடேற்ற அல்ல. அதனால் 45 நாள் கணக்கு இங்கே கொஞ்சம் நம்பகமாகவே பொருந்தும் என்பது என் எண்ணம். ஆசையாய் வளர்த்த டாங் மீன்கள் உள்ள தொட்டியென்றால் 76 நாளே இருக்கட்டும் என்பேன்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கடைகளில் இறால், நத்தைத் தொட்டிகளும் மீன் தொட்டிகளும் பெரும்பாலும் ஒரே சம்ப்பில், அதாவது கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டியில், இணைந்திருக்கும். கண்ணாடி வேறு, தண்ணீர் ஒன்று. வாங்குகிறவர் விலை விசாரிப்பதற்கு முன்னால் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

நேரே விடுவது

செலவில்லை, இடம் வேண்டாம், காத்திருக்க வேண்டாம். தொட்டியில் மீனே இல்லை, வெறும் இறாலும் மென்பவளமும்தான் என்றால் வெள்ளைப்புள்ளியைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. விருந்து கொடுக்க மீன் இல்லாத வீட்டில் அது தானாகவே அடங்கிவிடும். அப்படிப்பட்ட தொட்டிக்கு நேரே விடுவதே போதும், ஐப்டேசியா (களைபோல் பரவும் சின்ன அனிமோன்) போன்ற தொல்லைகள் ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் சரி.

மீன் உள்ள தொட்டிக்கு இது சூதாட்டம். பலமுறை ஜெயிக்கலாம். தோற்கிற ஒரு முறைக்கு என்ன விலை என்று பாருங்கள்: பாறைகளையெல்லாம் எடுத்து வெளியே வைத்து ஒவ்வொரு மீனாகப் பிடிக்க வேண்டும். எல்லா மீனையும் வேறு தொட்டியில் போட்டுச் செம்பு மருந்து கொடுக்க வேண்டும். பெரிய தொட்டியை மீனில்லாமல் ஆறேழு வாரமோ 76 நாளோ சும்மா ஓடவிட வேண்டும். ஒரு நத்தையை 45 நாள் தனியே வைக்கச் சோம்பல்பட்டவர், வீட்டிலுள்ள எல்லா மீனையும் அதே 45 நாள் தனியே வைத்திருக்க வேண்டிவரும்.

நேரே விடுவதில் இன்னொரு சங்கடமும் உண்டு, இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. சென்னை கொளத்தூரில் பிற்பகல் பை கட்டி, பல்லவன் ரயிலில் ஏற்றினால் காரைக்குடி ஜங்ஷனுக்கு இரவில்தான் வந்துசேரும். இத்தனை மணி நேரம் மூடிய பைக்குள் இறால் மூச்சுவிட்டுக் கரியமில வாயு சேர்ந்திருக்கும், அதனால் பிஎச் இறங்கியிருக்கும். கழிவில் வந்த அம்மோனியா அந்தக் குறைந்த பிஎச்சில் அவ்வளவாகத் தீங்கு செய்யாத வடிவத்தில் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பிஎச் ஏறும், அதே அம்மோனியா விஷமாக மாறும். நாமோ பையைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக நீர் விட்டுக்கொண்டிருப்போம்.

சரி, சொட்டு விடாமல் சட்டென்று மாற்றலாமா என்றால் அதுவும் முடியாது. கடைக்காரர்கள் உப்பு மிச்சம் பார்த்தோ, மீனில் ஒட்டுண்ணி குறையும் என்றோ, அடர்த்தியை 1.019, 1.020 என்று வைத்திருப்பது சாதாரணம். நம் தொட்டியில் 1.025. மீன் இந்த வித்தியாசத்தை ஓரளவு தாங்கும். இறாலும் நட்சத்திர மீனும் தாங்காது. வந்த இரண்டாம் நாள் இறால் செத்துக் கிடந்தால் 'கடைச் சரக்கு மட்டம்' என்று சொல்லிவிடுகிறோம். பல நேரம் காரணம் இந்த உப்பு வித்தியாசம்தான்.

தனித்தொட்டி இருந்தால் இந்தச் சிக்கல் எளிதாகத் தீரும். கடைக்காரரிடம் அடர்த்தியை முன்கூட்டியே கேட்டு, தனித்தொட்டியை அதே அளவுக்குக் கலக்கி வைத்துவிடலாம். பை வந்ததும் வெப்பத்தை மட்டும் சமன்செய்து சட்டென்று மாற்றிவிடலாம். அப்புறம் நாலைந்து நாளில் மெல்ல மெல்ல 1.025க்கு ஏற்றிக்கொள்ளலாம். பெரிய தொட்டியில் ஒரு நத்தைக்காக இதைச் செய்ய முடியாது.

தேய்த்துக் கழுவி, மருந்தில் முக்கி விடுவது

இடமில்லாதவர்களுக்குப் பிடித்த நடுவழி இது. பவளத்துக்கு அயோடின் குளியல். நத்தைக்கு அதே அடர்த்தியுள்ள உப்புநீரில் பழைய பல் துலக்கியால் ஒரு தேய்ப்பு.

இதற்கு மதிப்பு உண்டு, ஆனால் வேறு வேலைக்கு. ஜோயாந்தஸ் என்ற மென்பவளக் கொத்தில் அதன் நிறத்திலேயே ஒளிந்திருக்கும் நூடிபிராங்க் (ஓடில்லாத கடல் நத்தை), தட்டைப் புழுக்கள், பிரிஸில் புழு, குட்டி நண்டு இவையெல்லாம் குளியலில் உதறி விழும். வெள்ளைக் கிண்ணத்தில் செய்தால் அடியில் என்ன நெளிகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். ஜோயாந்தஸ் தண்டுகளுக்கு நடுவே சுருளாக, வரிவரியாகச் சின்ன நத்தை ஒன்று உட்கார்ந்திருந்தால் அது சன்டயல் நத்தை, ஜோயாந்தஸையே தின்னும். கையால்தான் எடுக்க வேண்டும்.

செய்யாதது என்ன? புழுவின் முட்டைகளை அழிக்காது. அதனால் வாரம் ஒருமுறை இரண்டு மூன்று தடவை திரும்பச் செய்ய வேண்டும். அந்த இடைவெளியில் பவளத்தை எங்கே வைப்பது? தனித்தொட்டியில்தான். வெள்ளைப்புள்ளிக் கூட்டையும் இந்தக் குளியல் கொல்லாது. கூட்டைக் கொல்லும் அளவு வீரியம் இருந்தால் அதைச் சுமந்துவரும் உயிரும் மிஞ்சாது. நன்னீர்க் குளியலும் ஃபார்மலினும் மீனுக்குச் சரி, இவற்றுக்கு எமன். பவளக் குளியல் மருந்தில் இறாலையும் நண்டையும் முக்கினாலும் அதே கதிதான், அந்த மருந்துகளில் சில பூச்சிக்கொல்லி வகையைச் சேர்ந்தவை.

ஆக, குளியல் என்பது தனித்தொட்டிக்குள் போகும் வாசலில் செய்ய வேண்டியது. அதற்கு மாற்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

மீனில்லாத தனித்தொட்டி

நான் கைகாட்டும் வழி இது. பெயர்தான் பெரிது, வேலை சின்னது. நாற்பது முதல் அறுபது லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி, காற்று பம்ப், ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி எல்போ, மேலே ஒரு மூடி. துறவி நண்டு ஒயரைப் பிடித்து ஏறி வெளியே போய்விடும், அதனால் மூடி கட்டாயம். பவளமோ அனிமோனோ வருவதாக இருந்தால் நல்ல விளக்கும் வேண்டும். ஸ்பாஞ்சைப் பெரிய தொட்டியின் சம்ப்பில் சில வாரம் ஊறப்போட்டு எடுத்தால் பாக்டீரியா தயாராக இருக்கும். பெரிய தொட்டியிலிருந்து தனித்தொட்டிக்கு எடுக்கலாம், எதிர்ப்பக்கம் கூடாது. உப்பு லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் கணக்கு. அறுபது லிட்டருக்கு இரண்டேகால் கிலோ கையில் இருந்தால் போதும்.

மீனுக்குச் செம்பு மருந்து போட்ட பழைய தொட்டியை இதற்கு எடுக்கவே கூடாது. சிலிக்கான் பூச்சிலும் கல்லிலும் தங்கிய செம்பு மெல்லக் கசியும். மீனுக்கு மருந்தளவு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம். அந்த அளவு செம்பே நத்தைக்கும் இறாலுக்கும் போதும், கதை முடிந்துவிடும்.

செம்பு என்றதும் நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. செட்டிநாட்டு வீட்டில் அண்டா, தவலை, குடம் என்று செம்பும் பித்தளையும் இல்லாத மூலை ஏது? பித்தளையிலும் பெரும்பங்கு செம்புதான். உப்புநீர் பட்டால் அது கரைந்து இறங்கும். "பரம்பரை அண்டா சும்மாதானே கிடக்கு" என்று அதில் உப்பு கலக்க ஆசை வரும். வேண்டாம். பிளாஸ்டிக் டப்பில் கலக்குங்கள். எடுத்து ஊற்றுவதற்கும் சொம்பு வேண்டாம், பிளாஸ்டிக் கப் போதும்.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாமல் வருவது அடுப்படி ஆர்ஓ மெஷின். இப்போது விற்கும் பல மாடல்களில் உடம்புக்கு நல்லது என்று செம்பு சேர்க்கும் கார்ட்ரிட்ஜ் உண்டு. விளம்பரத்திலேயே பெருமையாகப் போட்டிருப்பார்கள். நமக்கு நல்லதாக இருக்கட்டும், இறாலுக்கு இல்லை. அந்த மெஷின்தான் வீட்டில் இருக்கிறது என்றால், மெம்பிரேன் தாண்டி அந்தக் கார்ட்ரிட்ஜுக்குப் போகும் முன்பே ஒரு கிளை எடுத்துத் தரச் சொல்லுங்கள். சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க ருசி என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் ருசியைத் தருவது அதிலுள்ள உப்புகள்தானே, தொட்டிக்கு அது ஆகாது.

அடுத்தது கொசு மருந்து. பிளக்கில் சொருகும் லிக்விட், சுருள் எல்லாம் பைரித்ராய்டு வகை. பூச்சிகளைக் கொல்வது அதன் வேலை, இறாலும் நண்டும் பூச்சிகளுக்கு நெருங்கிய சொந்தம். காற்று பம்ப் அறையிலுள்ள காற்றையே இழுத்துத் தண்ணீருக்குள் குமிழாக விடுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். தொட்டி இருக்கும் அறையில் அதைப் போடாதீர்கள். கையில் கொசுக் களிம்பு தடவியிருந்தால் தொட்டிக்குள் கைவிடாதீர்கள்.

எங்கே வைப்பது? முற்றத்தை ஒட்டி வைத்தால் வெளிச்சம் அழகாகத்தான் விழும். கூடவே பாசியும் வரும், வெயிலும் ஏறும், மழை நாளில் சாரலும் அடிக்கும். பழைய வீடாக இருந்தால் இரண்டாம் கட்டுப் பகுதியில் தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள உள்ளறை நல்லது. கத்திரி வெயிலில்கூட அங்கே வெப்பம் அவ்வளவாக ஏறாது. புது வீட்டு மாடியறை என்றால் சித்திரையில் தொட்டி 30ஐச் சுலபமாகத் தாண்டும். ஒரு சின்ன டேபிள் ஃபேனை நீர்ப்பரப்பின் மேல் திருப்பி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். வறண்ட வெயிலில் இது நன்றாக வேலை செய்யும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் அவ்வளவாகச் செய்யாது, அப்போது தேவையும் இல்லை.

ஃபேன் போட்டால் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அறுபது லிட்டரில் ஒன்றரை லிட்டர் போனாலே அடர்த்தி 1.025இலிருந்து நகர ஆரம்பித்துவிடும். கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, தினம் காலையில் ஆர்ஓ தண்ணீரை அந்தக் கோடு வரை ஊற்றுங்கள். உப்புத் தண்ணீரை ஊற்றிவிடக் கூடாது. தனித்தொட்டியில் நத்தை சாவது நோயால் என்பதைவிட இந்தக் கோட்டை மறந்ததால்தான் அதிகம் என்பது என் சந்தேகம்.

பெரிய தொட்டிக்கும் இதற்கும் நடுவே முடிந்தவரை தூரம் வேண்டும், வேறு அறையாக இருந்தால் ரொம்ப நல்லது. வெல்வெட் கிருமி காற்றில் பறக்கும் நீர்த்திவலை வழியாகவே அடுத்த தொட்டிக்குப் போகும் என்று ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். வலை, குழாய், வாளி எல்லாம் தனித்தனி. தினமும் பெரிய தொட்டி வேலையை முதலில் முடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் இதில் கை வைக்க வேண்டும்.

தீனி விஷயத்தில் ஒன்று. சந்தையில் வாங்கிய இறாலை நறுக்கிப் போடும் பழக்கம் இங்கே உண்டு. பண்ணை இறாலைத் தாக்கும் வெள்ளைப்புள்ளி வைரஸ் வேறு சமாச்சாரம். நாம் இதுவரை பேசிய மீன் ஒட்டுண்ணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அது இறால், நண்டு இனங்கள் பலவற்றைத் தாக்கும், ஐஸில் உறைந்தாலும் முழுதாகச் சாகாது. அதனால் கிளீனர் இறாலுக்குப் பச்சைப் பண்ணை இறாலைக் கொடுக்காமல், பெல்லட்டோ மைசிஸோ (சின்ன இறால் போன்ற உயிர், தீனியாக விற்பது) கொடுங்கள். நத்தைக்கு உப்பு, மசாலா சேர்க்காத நோரிப் பாசித்தாளை ஒரு கல்லில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிடலாம்.

இந்த வழியின் குறை என்ன? பொறுமைதான். மீனே இல்லாத தொட்டிக்கு லைட்டு, ஃபேன், கரண்ட் செலவு. "ஏன் அப்பு, ஒண்ணுமே இல்லாத தொட்டியை ஏன் இப்படிக் காவல் காக்குறே?" என்று வீட்டு ஆச்சி கேட்டால் நத்தையைத்தான் காட்ட வேண்டும், அதுவும் பகலில் கண்ணில் படாது. நாள் கணக்கிலும் கறாராக இருக்க வேண்டும். நடுவில் இன்னொரு இறாலைச் சேர்த்தால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். பந்தியில் கடைசியாக ஒருவர் வந்து உட்கார்ந்தால் அவர் சாப்பிட்டு எழும்வரை எல்லோரும் இலையை மூடாமல் காத்திருப்பது போலத்தான். அதனால் வாங்குவதை மொத்தமாக ஒரே தடவையில் வாங்குவது நல்லது.

இரண்டு வாரம் மட்டும்

'கொஞ்ச நாள் பார்த்துவிட்டு விடலாம்' என்பவர்கள் நிறைய. பார்க்க என்ன இருக்கிறது? மீனென்றால் புள்ளி தெரியும். நத்தை ஓட்டில் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத கூடு கண்ணுக்குத் தெரியாது. இரண்டு வாரத்தில் ஐப்டேசியா தலைநீட்டும், குமிழ்ப்பாசி தெரியும், பலவீனமான உயிர் செத்துவிடும். அவ்வளவுக்கு மட்டும் உதவும். வெள்ளைப்புள்ளியைப் பொறுத்தவரை இது அரைக்கிணறு தாண்டுவதுதான்.

பங்குத் தொட்டி

இடமும் நேரமும் இல்லாதவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒருவர் வீட்டில் ஒரே தனித்தொட்டி வைத்துக்கொள்வது. காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் எல்லாம் பக்கத்துப் பக்கத்து ஊர். சென்னையிலிருந்து பார்சல் ஒரே தடவை வரும், கூலியும் பங்கு, காத்திருப்பும் பங்கு. ஒரே வளவில் பல புள்ளிகள், அதாவது ஒரே வீட்டில் பல குடும்பங்கள், கூடிப் புழங்கிய ஊருக்கு ஒரு தொட்டியைப் பங்கு வைத்துக்கொள்வது பெரிய விஷயமில்லை.

சிக்கல் மனிதர்களிடம்தான் வரும். ஒருவர் பையன் பிறந்தநாள் என்று பாதியில் இறாலை எடுத்துப் போவார். இன்னொருவர் மதுரையில் மலிவாகக் கிடைத்தது என்று நடுவில் நாலு நத்தையைக் கொண்டுவந்து போடுவார். எல்லாம் ஒன்றாக உள்ளே, எல்லாம் ஒன்றாக வெளியே என்ற ஒரு விதியை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அதை ஒத்துக்கொள்ளாத ஆளைச் சேர்க்க வேண்டாம், சொந்தக்காரராக இருந்தாலும்.

கடைக்காரரே 'குவாரன்டைன் பண்ணின சரக்கு' என்று விற்பதும் ஒரு வழி. கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: மீனில்லாத தனி நீரில் இருந்ததா, கடைசியாக அதில் எதையாவது எப்போது சேர்த்தீர்கள்? இரண்டாவது கேள்விக்குத் தேதி சொன்னால் நம்பலாம். 'அதெல்லாம் நல்லா இருக்கும் சார்' என்றால் நீங்களே தனித்தொட்டி வைத்துக்கொள்வது நல்லது.

எந்த உயிருக்கு எது

எல்லாவற்றுக்கும் ஒரே அளவு பயம் தேவையில்லை. நத்தையும் துறவி நண்டும்தான் முதல் சந்தேகத்துக்குரியவை, இறாலைப் போல அடிக்கடி உரித்துப் போடாத கெட்டி ஓடு அவற்றிடம் இருக்கிறது. இவற்றுக்கு முழு நாளும் வேண்டும். துறவி நண்டுக்கு ஒரு உபாயம்: அதன் அளவுக்கும் ஒரு சுற்றுப் பெரிய அளவுக்கும் காலிச் சங்குகளைக் கொதிக்கவைத்து, நன்றாக வெயிலில் காயவைத்து உள்ளே போடுங்கள். பிடித்ததற்கு மாறிக்கொள்ளும், பழையதை எடுத்து எறிந்துவிடலாம். ராமேஸ்வரம் கடைகளில் விற்கும் பாலிஷ் போட்ட சங்கு இதற்கு ஆகாது. சங்கு மாறிவிட்டது என்பதற்காக நாளைக் குறைக்க வேண்டாம், அபாயம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

இறால் அடிக்கடி சட்டை உரிக்கும், சில வாரத்துக்கு ஒருமுறை. ஓட்டில் ஏதாவது ஒட்டியிருந்தால் அந்தச் சட்டையோடு போய்விடும். உரித்த சட்டையை உடனே எடுத்து, இறாலைச் சுத்தமான இன்னொரு நீருக்கு மாற்றினால் நாளைக் குறைக்கலாம் என்று ஒரு வாதம் உண்டு. எல்லாரும் ஒத்துக்கொள்வதில்லை. எனக்கு அதில் பாதி நம்பிக்கை. மீனில்லாத சம்ப்பில் இருந்து வந்த இறால் என்று உறுதியாகத் தெரிந்தால் அப்படிச் செய்வேன், மற்றபடி நத்தையோடு சேர்த்துக் காக்க வைப்பேன்.

அனிமோன் தனித்தொட்டியில் கஷ்டப்படும். அதற்கு முதிர்ந்த, நிலையான நீரும் பலமான வெளிச்சமும் வேண்டும், அறுபது லிட்டரில் இரண்டு மாதம் என்பது அதற்குத் தண்டனை. அனிமோன் வாங்குவதென்றால் தனித்தொட்டியைப் பெரிதாக்குங்கள், அல்லது தெரிந்தவரின் மீனில்லாத தொட்டியில் வளர்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள். நட்சத்திர மீனும் அப்படித்தான், தொட்டியில் பல நட்சத்திர மீன்கள் பட்டினியால்தான் சாகின்றன. புதிதாகத் தொட்டி வைத்தவர்கள் அதை வாங்காமலே இருப்பது நல்லது.

மஷ்ரூம், ஜோயாந்தஸ், லெதர் போன்ற மென்பவளங்களில் சதையைவிட அது ஒட்டியிருக்கும் கல்தான் ஆபத்து. கல்லிலிருந்து கத்தியால் பிரித்துப் புது பிளக்கில் (பவளம் ஒட்டுவதற்கான சின்ன அடிக்கட்டை) ஒட்டிவிட்டால் அபாயம் பெரிதும் குறையும். ஜோயாந்தஸை வெட்டும்போது கண்ணுக்குக் கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் இருக்கிறது.

கெட்டிப் பவளம், கடல் விசிறி, கடல் அட்டை இவற்றுக்கு நான் எந்த வழியும் சொல்லப் போவதில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை இவை, ஜயண்ட் கிளாம் வகைகளில் சிலவும் சேர்த்தி. தொண்டியும் மண்டபமும் நமக்குப் பக்கம் என்பதால் 'கடலிலிருந்து நேரே எடுத்து வருகிறேன்' என்று யாராவது வந்து நிற்பார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அந்தச் சரக்கை வாங்கினால் வெள்ளைப்புள்ளியைவிடப் பெரிய தலைவலி வரும்.

கடைசி இரண்டு வாரம்

நாள் முடிந்ததும் உடனே மாற்றிவிடலாம். இன்னும் உறுதி வேண்டும் என்பவர்கள் கருப்பு மோலி ஒன்றை விட்டுப் பார்ப்பார்கள். எந்த மீன் கடையிலும் கிடைக்கும். நன்னீர் மீன்தான், ஆனால் சில மணி நேரம் மெல்லப் பழக்கினால் கடல்நீரில் நன்றாக வாழும். கடல் ஒட்டுண்ணியை முன்பின் பார்த்திராத உடம்பு, சுலபத்தில் பிடித்துக்கொள்ளும். கருப்பு மேல் வெள்ளைப்புள்ளி பளிச்சென்று தெரியும். இரண்டு வாரம் சுத்தமாக இருந்தால் நத்தையையும் இறாலையும் கையால் எடுத்து மாற்றுங்கள், தனித்தொட்டித் தண்ணீரை மட்டும் பெரிய தொட்டியில் சேர்க்க வேண்டாம். மோலியில் புள்ளி விழுந்தால், அதை எடுத்து வேறு தொட்டியில் வைத்தியம் பார்த்துவிட்டு, காலண்டரில் அன்றைய தேதியை வட்டம் போட்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதுதான்.